ஆராதனை நேரத்தில் மூடிய கதவு

ஸ்வோலெ,
ஜனவரி 2, 2024

தம்பி எவர்ட்,

மூன்றாம் வகுப்பில் ஒருநாள், பத்துக் கட்டளைகளில் ஒன்றான ஓய்வுநாள் கற்பனையைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி கைதூக்கினாள். "டீச்சர், இன்னிக்கு ஓய்வுநாள்னு மாட்டுக்கு யாரு சொல்றது?" வகுப்பே சிரித்தது. யாரும் சொல்வதில்லை, அதனால்தான் அந்தக் கற்பனையில் மிருகஜீவனையும் சேர்த்து எழுதியிருக்கிறது, அதற்குத் தெரியாததை நீ தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று பதில் சொன்னேன். நல்ல பதில் என்றே நினைத்திருந்தேன். பண்ணையில் பிறந்து வளர்ந்த என் சொந்தத் தம்பிக்கு அது போய்ச் சேரவில்லை என்று நேற்றுத்தான் தெரிந்தது.

புத்தாண்டு ஆராதனை முடிந்து வந்து, திராட்சை போட்டுப் பொரித்த உருண்டைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம். பக்கத்து வீட்டார் வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்த முகத்தோடு திறந்தேன். உன் மகள் லீஸ்பெத் நின்றிருந்தாள். முந்தின நாள் ஆலயத்துக்கு உடுத்திய அதே கறுப்புப் பாவாடை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் கொட்டகை பூட்ஸ்.

"நலமும் ஆசியும் உண்டாகட்டும் அத்தை. கொஞ்ச நாள் இங்க இருந்துக்கட்டுமா?"

வேறு துணி எடுத்து வரவில்லை. பூட்ஸை மட்டும் எடுத்து வந்திருக்கிறாள். எந்த மாட்டுக்காக என்று கேட்டேன், அழுதுவிட்டாள்.

ஆலய வாசலில், சபையார் எல்லோரும் கேட்க, "அந்த போன்தான் உன் வீடா? அப்ப அதுக்குள்ளயே போய்க் குடியிரு. என் வீட்டுப் பக்கம் வராதே" என்று சொன்னாயாமே. அறுபது வயது தாண்டிய மனிதன், தாயை இழந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது?

அவள் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். தப்பிருந்தால் திருத்து. கறவை ரோபோ வந்ததிலிருந்து உங்கள் பசுக்கள் மடி கனத்தால் தாமாகவே போய் நின்று பால் கொடுக்கின்றன. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனைக்குக் கிளம்பும்போது நீ அதன் கதவை மூடிவிடுகிறாய், திரும்பி வந்துதான் திறக்கிறாய். டிசம்பர் 31 ஞாயிறாகவும் அமைந்துவிட்டது. காலையில் ஒரு முறை மூடினாய். மாலை, பழைய ஆண்டை முடிக்கும் நீண்ட ஆராதனைக்காக மறுபடி மூடினாய். நெருக்கியடித்து நிற்கும் பசுக்களை லீஸ்பெத் கொட்டகைக் கேமரா வழியாகப் போனில் பார்த்திருக்கிறாள். ஆலயத்தில் இருந்தபடியே போனிலிருந்து கதவைத் திறக்கப் பார்த்திருக்கிறாள். நீ போனைப் பிடுங்கினாய்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். உங்கள் சபை மூப்பர் ஸ்டெய்ன் பிரசங்கத்தின் நடுவில் எழுந்து பின்பக்கம் போய்வருவார், எல்லோருக்கும் தெரியும், அவர் வயது அப்படி. ஓய்வுநாளை மதிக்கிறேன் என்று சொல்லி அந்தக் கழிவறையை ஆராதனை முடியும்வரை யாராவது பூட்டி வைத்தால் நீ என்ன சொல்வாய்? கனத்த மடியோடு சிமெண்டுத் தரையில் நிற்பதற்குப் பெயர் ஓய்வு இல்லை எவர்ட். பசுவுக்கு ஓய்வு என்றால் காலியான மடி.

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். இன்னொன்றையும் தெரிந்துகொள். ஃப்ரீஸ்லாந்தில் ஒரு பண்ணையில் பிப்ரவரி முதல் வேலைக்கு வரச் சொல்லி லீஸ்பெத்தை ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள். இதுவரை மறுத்துக்கொண்டிருந்தாள். இன்று காலை என் சமையலறையில் நின்று அவர்களோடு பேசினாள். போய்விட்டால் திரும்பமாட்டாள். பண்ணை உன்னோடு முடியும்.

உன் அக்கா,
அலைடா


ஜனவரி 5

அக்கா,

உன் மூன்றாம் வகுப்பில் நான் உட்கார்ந்திருக்கவில்லை. எனக்கு உதாரணம் வேண்டாம். மூப்பரின் மூத்திரத்தை இதில் இழுக்கவும் வேண்டாம். உங்கள் ஸ்வோலெ சபையில் ஆராதனைக்கு முன்னாலேயே காபி கொடுக்கிறார்களாம், சங்கீதங்களை நடனத்துக்குப் பாடுகிற வேகத்தில் பாடுகிறார்களாம். அங்கே மடியில் போனை வைத்துக்கொள்வதும் பக்தியாக இருக்கலாம். இங்கே இல்லை.

கொட்டகைக்கு வந்து ஒரு தீவனக்கட்டைக்கூடத் தூக்காமல் நாற்பது வருடம் நகரத்தில் இருந்துவிட்டு மாட்டின் மடியைப் பற்றி எனக்குச் சொல்லித் தருகிறாய். முன்பு விடியற்காலை கறப்போம், மாலை கறப்போம். நடுவில் கொட்டகை அமைதியாக இருக்கும். ஞாயிறன்று அந்த அமைதியில்தான் ஆலயத்துக்குப் போவோம். தேவையான வேலையும் இரக்கத்தின் வேலையும் ஓய்வுநாளில் தடையில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் இந்த இயந்திரத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. எந்த நேரமும் புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், இரண்டு ஆராதனை நேரம், அது வாயை மூடிக்கொண்டிருக்கட்டும் என்றேன். இதுதான் என் குற்றம்.

உன் மருமகள் உன்னிடம் எல்லாம் சொன்னாள், ஒன்றைச் சொல்லவில்லை போலிருக்கிறது. நானே சொல்கிறேன். அந்த மாலையில் என்ன வாசிப்பார்கள் என்று உனக்கு மறந்துபோயிருக்காது. அந்த வருடம் சபையில் இறந்தவர்களின் பெயர்கள். இந்த வருடம் யாருடைய பெயர் இருந்தது என்றும் உனக்குத் தெரியும். சபை முழுதும் எழுந்து நிற்கிறது. போதகர் வாசித்துக்கொண்டே வருகிறார். தாயின் பெயர் வரப்போகிறது. மகள் சங்கீதப் புத்தகத்துக்கு அடியில் போனை ஒளித்து விரலால் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். முகத்தில் நீல வெளிச்சம்.

அவளுடைய அம்மா பிரசங்கத்தின் நடுவில் எத்தனை தடவை எழுந்து போயிருக்கிறாள் என்று ஊருக்கே தெரியும். கன்று ஈனும் பசு இருக்கிறதென்றால் இருக்கையின் ஓரத்தில் உட்காருவாள். தொப்பியைக்கூடச் சரி செய்யாமல் எல்லோர் கண்ணெதிரிலும் நடந்து வெளியே போவாள். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. லீஸ்பெத்தும் அப்படி எழுந்து போயிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். இவளுக்கோ இங்கேயும் இருக்கவேண்டும், அங்கேயும் இருக்கவேண்டும், எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியக்கூடாது. அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஃப்ரீஸ்லாந்துக்குப் போகட்டும். அங்கே மாடு ஜாஸ்தி, மழையும் ஜாஸ்தி.

எவர்ட்


ஸ்வோலெ,
ஜனவரி 8

எவர்ட்,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தில் பாதிதான் புரிந்தது. இரண்டாம் முறை முழுதும் புரிந்தது, கோபம் கூடிவிட்டது.

பெயர் வாசிக்கும் நேரத்தில் அது நடந்ததென்று லீஸ்பெத் சொல்லவில்லை, உண்மைதான். அதனால் நேரடியாகக் கேட்டேன். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"அம்மா மாதிரி எழுந்து போயிருக்கலாமே லீஸ்பெத்? அப்பா ஒண்ணும் சொல்லியிருக்கமாட்டாராம்."

"போயிருக்கலாம். போனா அம்மா பேரை எப்படிக் கேக்கறது?"

"அதனால?"

"அதனால இருந்த இடத்துலேர்ந்தே திறக்கலாம்னு பாத்தேன். அவ்வளவுதான் அத்தை. ஒரு பசு கீழ விழுந்து கிடக்கு, மத்ததெல்லாம் அது மேல முட்டிக்கிட்டு நிக்குது. எனக்கு அங்க ஓடணும். இங்க நிக்கவும் நிக்கணும். ஒரு பேரு, அம்மா பேரு ஒண்ணே ஒண்ணைக் கேட்டுட்டு ஓடிடலாம்னு இருந்தேன்."

இதைத்தான் நீ ஒளிப்பது என்கிறாய். உன்னைப் போலவே அவளும் அந்தப் பெயருக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து, நீ எழுதாமல் விட்டதற்கு வருகிறேன். என் மருமகள் ஒன்றைச் சொல்லவில்லை என்று எழுதினாயே, நீயும்தான் ஒன்றைச் சொல்லவில்லை. கீழே விழுந்த அந்தத் தலையீற்றுப் பசு. நவம்பரில்தான் கன்று ஈன்றது, கூட்டத்துக்குப் பழகவில்லை, பெரிய பசுக்கள் தள்ளினால் ஒதுங்கத் தெரியாது. நெரிசலில் வழுக்கி, பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து விழுந்துவிட்டது. நீ வந்து தூக்கிப் பார்த்தாயாம். நிற்கவில்லை. புத்தாண்டுக் காலையில் மருத்துவர் வந்து ஊசி போட்டு அதன் உயிரை முடித்தார். உன் கடிதத்தில் என் சபையின் காபிக்கு இடம் இருந்தது. அந்தப் பசுவுக்கு ஒரு வரி இல்லை.

தேவையான வேலை, இரக்கத்தின் வேலை என்றெல்லாம் நன்றாகச் சொல்கிறாய். கறப்பது தேவையான வேலை. கதவை மூடினாயே, அது எந்த வேலை? யாரும் கேட்கவில்லை, பசு கேட்கவில்லை, கற்பனையும் கேட்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் தொப்பியை மாட்டிக்கொண்டு, கொட்டகைக்குள் போய், கைநீட்டி நீ அதைச் செய்தாய். எனக்குத் தெரிந்தவரை உன் பண்ணையில் ஓய்வுநாளன்று தேவையில்லாமல் நடந்த வேலை அது ஒன்றுதான்.

நீ புண்படுவாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். தீவனக்கட்டைத் தூக்கவில்லை என்று நீயும் தெரிந்துதானே எழுதினாய்? நான் ஊரைவிட்டுப் போனபோது "அக்கா படிக்கட்டும், கட்டை நான் தூக்கிக்கறேன்" என்று அப்பாவிடம் சொன்னவன் நீ. அதற்காக இன்றுவரை உனக்குக் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் அதைக் காட்டி என் வாயை அடைக்க முடியாது.

லீஸ்பெத்துக்கு ஒரு வார்த்தை எழுது. மன்னிப்பு வேண்டாம், உனக்கு அது வராது. மற்ற பசுக்கள் எப்படி இருக்கின்றன என்று எழுது, போதும்.

அலைடா


ஜனவரி 10

உன் கடிதம் வந்தது. தண்ணீர்த் தொட்டிகள் உறைந்துவிட்டன, வெந்நீர் சுமக்கிறேன். எழுத நேரமில்லை. எழுத எதுவும் இல்லை.

எவர்ட்


ஜனவரி 16

அக்கா,

லீஸ்பெத்திடம் சொல். மற்ற பசுக்கள் நன்றாக இருக்கின்றன. ஒன்றுக்கு மடிவீக்கம், பின்பக்க இடது காம்பு. மருந்து போட்டேன், தணிந்துகொண்டிருக்கிறது. செத்துப்போன பசுவின் கன்று குடிக்க மறுத்தது. என் கையிலிருந்து குடிக்கவில்லை, வாளியில் வைத்துவிட்டு நான் அந்தப் பக்கம் போனால் குடிக்கிறது. அதற்கும் என்மேல் கோபம் போலிருக்கிறது.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுத ஒரு வாரம் பார்த்தேன். அது எந்த வேலை என்று கேட்டாயே. எனக்குத் தெரியவில்லை. போன மார்ச்சுக்கு முன்னால் நான் அதை மூடியதே இல்லை என்று மட்டும் சொல்கிறேன். முன்பெல்லாம் ஞாயிறன்று லீஸ்பெத்தின் அம்மாவும் நானும் கொட்டகைக் கதவருகில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் ஆலயத்துக்குக் கிளம்புவோம். அவள்தான் "வாங்க, மணி அடிச்சிட்டாங்க" என்பாள். மார்ச்சுக்குப் பிறகு நான் மட்டும் நின்றேன். வா என்று சொல்ல ஆளில்லை, இயந்திரம் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கதவை மூடினேன். அமைதியானது. அடுத்த ஞாயிறும் மூடினேன். பிறகு அதற்கு ஓய்வுநாள் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

இன்னும் கேள். பிடுங்கும்போது போன் கையிலிருந்து நழுவிப் பலகைத் தரையில் விழுந்தது. முன்இருக்கைக்கு அடியில் சறுக்கிக்கொண்டு போனது. எவ்வளவு சத்தம் தெரியுமா! எல்லோரும் திரும்பினார்கள். நான் லீஸ்பெத்தை முறைத்துக்கொண்டிருந்தேன், அவள் என்னை. நான் நிமிர்ந்தபோது போதகர் வேறு யாருடைய பெயரையோ வாசித்துக்கொண்டிருந்தார்.

நான் கேட்கவில்லை அக்கா. அவள் பெயரை நான் கேட்கவில்லை.

வருடம் முழுதும் அந்த மாலைக்காக இருந்தேன். அதற்குப் பிறகு எப்படியாவது நடக்கட்டும், அந்த ஒரு தடவை சபை நின்றுகொண்டிருக்கும்போது கேட்டுவிடவேண்டும் என்றிருந்தேன். மகளை வாசலில் வைத்து அப்படிப் பேசியது அதனால்தான். நியாயம் என்று சொல்லவில்லை. காரணம் சொல்கிறேன்.

மறுநாள் மூப்பர் ஸ்டெய்னிடம் போனேன். "நேத்து வாசிச்சாங்களா?" என்றேன். "எதை?" என்றார். "அவ பேரை." என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாசிச்சாங்களே எவர்ட். நீ அங்கதானே நின்னே? முன்னாடி நின்ன நான் கேட்டேன், பின்னாடி நின்ன என் பெண்டாட்டி கேட்டா. நீ எங்கப்பா இருந்தே?" என்றார். எனக்கு அவரை அடிக்கலாம் போலிருந்தது. தொப்பியைத் தொட்டுவிட்டு வந்தேன்.

நேற்று முன்தினம் ஞாயிறு. கதவை மூடவில்லை. அது திறந்திருக்கிறது என்ற நினைப்பிலேயே ஆலயத்தில் உட்கார்ந்திருந்தேன், பிரசங்கம் காதில் ஏறவில்லை. மூடியிருந்த காலத்திலும் ஏறியதில்லை என்று இப்போது யோசித்தால் தெரிகிறது.

இதையெல்லாம் லீஸ்பெத்துக்குப் படித்துக் காட்டாதே.

எவர்ட்


ஸ்வோலெ,
ஜனவரி 18

தம்பி எவர்ட்,

படித்துக் காட்டிவிட்டேன். திட்டுவதென்றால் திட்டிக்கொள். எனக்கும் உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது, இரண்டும் கணக்கில் சேரட்டும்.

முதலில் மடிவீக்கத்தைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். "எந்தப் பசுன்னு நம்பர் போடலையே, இவர் இப்படித்தான்" என்று லீஸ்பெத் திட்டினாள். கன்றுக்கு விரலைச் சப்பக் கொடுத்து மெதுவாக வாளிக்குள் இறக்கவேண்டுமாம். பிறகு போன் விழுந்த இடத்துக்கு வந்தேன். நீ கேட்கவில்லை என்று எழுதிய வரியைப் படித்ததும் என் கையிலிருந்து கடிதத்தை வாங்கிக்கொண்டாள். தானே படித்தாள். 

"நானும் கேக்கலை அத்தை" என்றாள். "அப்பாவாவது கேட்டிருப்பாருன்னு நினைச்சேன். அதான் அவ்வளவு ஆத்திரம். என்னோடதைப் பிடுங்கிட்டு அவர் மட்டும் கேட்டுட்டு நிக்கிறாருன்னு."

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கிறீர்கள். இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை. கிடைத்தவன் நீ என்று அவள் உன்னை வெறுத்துக்கொண்டிருக்கிறாள், கெடுத்தவள் அவள் என்று நீ அவளை வெறுத்துக்கொண்டிருக்கிறாய். எனக்குத் தாங்கவில்லை எவர்ட். உங்கள் இருவரையும் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தவேண்டும்.

அவள் சொல்லியனுப்புவதை எழுதுகிறேன். ஞாயிறும் கதவு திறந்திருக்கவேண்டும். அதற்கு ஈடாக, ஆராதனைக்கு வரும்போது போன் சமையலறை மேசையில் கிடக்கும். உள்ளே இருந்தால் முழுதும் உள்ளே இருப்பாளாம். கொட்டகையில் கவலைப்படும்படி ஏதாவது இருந்தால் இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க எழுந்து போவாளாம். அப்போது நீ அவள் முகத்தைப் பார்க்கக்கூடாதாம், முன்னால் பார்க்கவேண்டுமாம். இதற்குச் சரியென்றால் ஃப்ரீஸ்லாந்துக்காரர்களுக்கு வரவில்லை என்று சொல்லிவிடுவாள். இல்லையென்றால் பூட்ஸ் தயாராக இருக்கிறது. உன் பதிலுக்குக் காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறாள், நேரில் கேட்டுக்கொள்வாளாம்.

நான் கவனித்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "அவள்" என்று எழுதுகிறாய், "லீஸ்பெத்தின் அம்மா" என்று எழுதுகிறாய், மூப்பரிடம்கூட "அவ பேரு" என்றுதான் கேட்டிருக்கிறாய். வாயால் சொன்னாயா என்று லீஸ்பெத்தைக் கேட்டேன். மார்ச்சிலிருந்து வீட்டில் அந்தப் பெயரை அவள் கேட்கவே இல்லையாம், உன் முகத்துக்குப் பயந்து அவளும் சொல்வதில்லையாம். போதகர் வந்து வாசிக்கட்டும் என்று இத்தனை மாதமும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். போதகர் அடுத்த டிசம்பரில் அதைத் திரும்ப வாசிக்கமாட்டார். வேறு பெயர்கள் இருக்கும்.

ஆகவே சனிக்கிழமை வாசலில் போய் நிற்காதே. சமாதானம் பேசாதே, வேதம் பேசாதே, ஃப்ரீஸ்லாந்தைப் பற்றிப் பேசாதே. கொட்டகையில் இரு. அவள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு உள்ளே வந்ததும், வேறு எந்த வார்த்தைக்கும் முன்னால், பசுக்களுக்குக் கேட்கிற அளவு சத்தமாக, வில்லெமினா யோஹன்னா என்று ஒரு முறை சொல்.

அலைடா